ஒரே ஆளிடம் மூன்று முறை அளந்தேன், டேட்டா நார்மலாக இல்லை: எந்த டெஸ்ட் போடுவது?

மதுரையில் மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி, ஒத்தக்கடைப் பக்கம் வேளாண்மை என்று எந்தத் துறை மாணவர் தீசிஸைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "சார், ஒரே ஆளுங்ககிட்ட மூணு தடவை அளந்திருக்கேன். ஷாபிரோ போட்டா நார்மல் இல்லைன்னு வருது. ஃப்ரீட்மன் போட்டுடலாமா?"

போடலாம். சில இடங்களில் அதுதான் சரியும்கூட. ஆனால் டெஸ்ட்டை மாற்றினால் பதில் மட்டும் மாறுவதில்லை, நீங்கள் கேட்கும் கேள்வியும் சேர்ந்து மாறிவிடுகிறது. அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. புதியவர்களுக்காக: ஷாபிரோ-வில்க் என்பது எண்கள் மணி வடிவத்தில் (நார்மலாக) பரவியிருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை. அனோவா சராசரிகளை ஒப்பிடுவது. ஃப்ரீட்மன் எண்களை விட்டுவிட்டு அவற்றின் வரிசையை (ரேங்க்) மட்டும் ஒப்பிடுவது.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசுவோம். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டங்களில் பூப்பறிக்கும் பெண்களுக்குக் கழுத்து வலி, இடுப்பு வலி. விடியும் முன்பே தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு குனிந்து மொட்டுப் பறிக்கும் வேலை. பிசியோதெரபி மாணவி ஒருவர் 40 பேருக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறார். தொடக்கத்தில் ஒரு முறை, 4-ஆம் வாரம், 8-ஆம் வாரம் என்று மூன்று தடவை வலியை 0 முதல் 10 வரை மதிப்பெண்ணாகக் கேட்டு எழுதுகிறார். அன்று காலை எத்தனை கிலோ பறித்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்கிறார். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை.

## முதலில், ஷாபிரோவை எதில் போட்டீர்கள்?

பாதிப் பேர் 120 எண்களையும் ஒரே வரிசையில் அடுக்கி அதன் மேல் ஷாபிரோ-வில்க் போடுகிறார்கள். தொடக்கத்தில் எல்லாருக்கும் 7, 8 என்றும் கடைசியில் 2, 3 என்றும் இருந்தால், அந்த வரிசையை வரைபடமாகப் போடும்போது இரண்டு மேடு தெரியும். நார்மல் இல்லை என்றுதான் டெஸ்ட் சொல்லும். காரணம், பயிற்சி வேலை செய்திருக்கிறது! அதற்காக அனோவாவைக் கைவிடுவதில் என்ன அர்த்தம்?

அனோவா எதிர்பார்ப்பது மூல எண்கள் நார்மலாக இருக்க வேண்டும் என்பதல்ல. ஆளின் தன்மையையும் வருகையின் விளைவையும் கழித்தபின் மிஞ்சும் எச்சங்கள் ஓரளவு நார்மலாக இருந்தால் போதும். அதிலும் ஷாபிரோவின் பி-மதிப்பை (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு; வழக்கமாக 0.05-க்குக் கீழே வந்தால்தான் கணக்கில் எடுப்பார்கள்) மட்டும் நம்பக் கூடாது. 10 பேர் என்றால் கோணலான டேட்டாவும் பாஸாகிவிடும். 300 பேர் என்றால் ஒன்றுமில்லாத கோணலும் ஃபெயிலாகும். எச்சங்களை கியூ-கியூ வரைபடத்தில் (நார்மலாக இருந்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழும் படம்) போட்டுக் கண்ணால் பாருங்கள். இரண்டு முனையிலும் புள்ளிகள் கோட்டை விட்டு வெகுதூரம் ஓடினால் மட்டும் மேலே படியுங்கள்.

இன்னொன்று. க்ருஸ்கல்-வாலிஸ் இங்கே வேலைக்கு ஆகாது. அது தனித்தனி ஆட்களுக்கானது. ஒரே ஆளின் மூன்று எண்களை மூன்று வேறு ஆட்கள் என்று அதனிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

## எதை வைத்துத் தேர்வு செய்வது

நான் முதலில் கேட்பது, குழு ஒன்றா இரண்டா என்று. பயிற்சி கொடுத்த குழு மட்டுமா, கொடுக்காத குழுவும் உண்டா? பாதித் தேர்வு இந்த ஒரு கேள்வியிலேயே முடிந்துவிடும்.

அப்புறம், எண் எந்த வகை? வலி மதிப்பெண் என்பது வரிசை. 8-க்கும் 6-க்கும் உள்ள இடைவெளி 4-க்கும் 2-க்கும் உள்ளதுதானா என்று யாராலும் சொல்ல முடியாது. பறித்த பூவின் எடை நிஜ அளவு, ஆனால் ஒரு பக்கம் நீண்ட வால் உள்ளது. வேலைக்குப் போகாத நாட்கள் என்றால் எண்ணிக்கை. 'வலி உண்டு, இல்லை' என்றால் ஆம்-இல்லை. நார்மல் இல்லை என்ற ஒரே சொல்லில் இவை நான்கையும் அடைத்துவிடுகிறோம்.

மூன்றாவது, எத்தனை பேர், அதில் எத்தனை பேர் எல்லா வருகைக்கும் வந்தார்கள். கடைசியாக, முடிவில் என்ன எழுதப்போகிறீர்கள்: பி-மதிப்பு மட்டுமா, "வலி இத்தனை புள்ளி குறைந்தது, 95% நம்பிக்கை இடைவெளி இது" என்றா? கைடு ஏற்பாரா, கையில் என்ன மென்பொருள் இருக்கிறது என்பவையும் உண்மையான அளவுகோல்கள்தான். ஆனால் அவற்றை முதலில் வைக்காதீர்கள். அட்டவணையில் வரும் பெயர்களில், வில்காக்ஸன் ஒரே ஆளின் இரண்டு அளவுகளை ரேங்க் வைத்து ஒப்பிடுவது; மான்-விட்னி இரண்டு தனிக் குழுக்களை அப்படி ஒப்பிடுவது; கலப்பு மாதிரி ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் கணக்கில் சேர்ப்பது. மற்றவை கீழே வரும்.

| வழி | இரண்டு குழு | விடுபட்ட வருகை | கிடைக்கும் பதில் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| அனோவா, க்ரீன்ஹவுஸ்-கைசர் திருத்தத்துடன் | முடியும் | ஒன்று விடுபட்டாலும் ஆள் போச்சு | சராசரி வித்தியாசம் | ஒன்றிரண்டு விபரீத எண்கள் முடிவையே இழுத்துவிடும் |
| லாக் மாற்றி அனோவா | முடியும் | அதேதான் | எத்தனை மடங்கு | பூஜ்யம் வந்தால் சிக்கல் |
| ஃப்ரீட்மன், பின்னர் வில்காக்ஸன் | முடியாது | அதேதான் | எங்கோ வித்தியாசம் உண்டு | அளவு தெரியாது. ஜோடிச் சோதனைகள் பெருகும் |
| ஆளுக்கு ஒரு எண், பின்னர் மான்-விட்னி | முடியும் | ஓரளவு தாங்கும் | குழுக்களுக்கிடையே வித்தியாசம் | எந்த எண் என்று முன்பே முடிவு செய்ய வேண்டும் |
| கலப்பு மாதிரி | முடியும் | இருக்கும் எண்களை வைத்து ஓடும் | அளவும் இடைவெளியும் | கற்க நேரம். வைவாவில் விளக்கம் |

## அனோவாவையே வைத்துக்கொள்வது

எச்சங்கள் லேசாகக் கோணினால் அனோவா அலட்டிக்கொள்ளாது. ஆள் எண்ணிக்கை 30, 40 என்று இருந்து, தனித்து நிற்கும் விபரீத எண்கள் இல்லையென்றால் இதையே போடலாம் என்பேன். இங்கே நார்மலை விடப் பெரிய தலைவலி ஸ்ஃபெரிசிட்டி, அதாவது வருகைகளுக்கிடையிலான வித்தியாசங்களின் பரவல்கள் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. அது உடைந்தால் பி-மதிப்பு பொய்யாகச் சிறுத்துவிடும். அதைச் சோதிக்கும் மௌக்ளி சோதனைக்குக் காத்திருக்காமல், அதைத் திருத்தித் தரும் க்ரீன்ஹவுஸ்-கைசர் வரியை நேராக எடுத்து எழுதிவிடுங்கள். நார்மல் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டு இந்த ஒரு வரியை விட்டுவிடும் தீசிஸ்கள் ஏராளம்.

## லாக் மாற்றம்

பூ எடை, வருமானம், ரத்தத்தில் உள்ள சில பொருட்களின் அளவு மாதிரி பூஜ்யத்துக்கு மேலேயே இருந்து வலப்பக்கம் வால் நீளும் எண்களுக்கு இதுதான் என் முதல் தேர்வு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி விலை எப்படி ஏறும் என்று பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். சாதாரண நாளில் சில நூறு, முகூர்த்தம் வந்தால் ஆயிரங்கள். அது ரூபாய்க் கணக்கில் கூடுவதில்லை, மடங்குக் கணக்கில் தாவுகிறது. மடங்காக நடப்பதை லாக் எடுத்தால் நேராகிவிடும். முடிவையும் "பறிப்பு 1.3 மடங்கு ஆனது" என்று யாருக்கும் புரிகிற மாதிரி எழுதலாம்.

செலவு? திருப்பி மாற்றும்போது கிடைப்பது சாதாரண சராசரி அல்ல, பெருக்குச் சராசரி (ஜியோமெட்ரிக் மீன்). அதைச் சொல்லிவிட வேண்டும். பூஜ்யத்துக்கு லாக் கிடையாது. எல்லா எண்ணிலும் 1 கூட்டிக்கொள் என்று எழுதிவைத்திருப்பார்கள். கிலோவில் 1 கூட்டுவதும் கிராமில் 1 கூட்டுவதும் ஒன்றா? அலகை மாற்றினால் முடிவே மாறும். பூஜ்யங்கள் நிறைய இருந்தால் லாக் பக்கம் போகாதீர்கள். வலி மதிப்பெண்ணுக்கும் வேண்டாம்.

## ஃப்ரீட்மன்

மில்டன் ஃப்ரீட்மன் 1937-இல் இதை வெளியிட்டார். 1976-இல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கிய அதே ஃப்ரீட்மன்தான். கணினி இல்லாத காலம். ஒவ்வொரு ஆளின் எண்களையும் அந்த ஆளுக்குள்ளேயே 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி, வருகைவாரியாகக் கூட்டினால் போதும், காகிதத்திலேயே முடித்துவிடலாம்.

அந்த எளிமைக்குள்தான் விலையும் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு வலி 9, 8, 7. பக்கத்து வரப்பில் பறிப்பவருக்கு 9, 4, 1. முதலாமவர் இன்னும் வலியோடுதான் குனிகிறார்; இரண்டாமவருக்கு வலி அநேகமாகப் போய்விட்டது. ஃப்ரீட்மனுக்கு இருவரும் 3, 2, 1. வித்தியாசமே கிடையாது. "குறைந்ததா?" என்று மட்டும் கேட்டால் இது போதும். "எவ்வளவு குறைந்தது?" என்று கேட்டால் அந்தத் தகவலை முதல் படியிலேயே தூக்கி எறிந்தாகிவிட்டது.

டேட்டா உண்மையிலேயே நார்மலாக இருந்து, மூன்று வருகைக்கு ஃப்ரீட்மன் போட்டால் அதன் திறன் அனோவாவில் சுமார் 72 சதவீதம்தான். அனோவா 72 பேரை வைத்துச் சொல்வதை இது சொல்ல 100 பேர் வேண்டும். இரண்டே வருகை என்றால் 64 சதவீதத்துக்கு இறங்கும். அங்கே அது வில்காக்ஸன்கூட அல்ல, வெறும் குறிச் சோதனை (கூடியதா குறைந்ததா என்று மட்டும் பார்ப்பது). வில்காக்ஸனின் அண்ணன் என்று ஃப்ரீட்மனை அறிமுகப்படுத்தும் வகுப்புக் குறிப்புகளில் இதைத் திருத்திக்கொள்ளலாம். வால் நீண்ட, விபரீத எண்கள் நிறைந்த டேட்டாவில் நிலைமை தலைகீழாகி ஃப்ரீட்மன் முந்தவும் செய்யும்.

அடுத்தது ஜோடிச் சோதனை. எங்கோ வித்தியாசம் உண்டு என்பதோடு ஃப்ரீட்மன் நின்றுவிடும். எந்த வருகைக்கும் எந்த வருகைக்கும் என்று பார்க்க வில்காக்ஸன் போடுவார்கள். மூன்று வருகைக்கு 3 ஜோடி, நான்குக்கு 6, ஐந்துக்கு 10. திருத்தம் இல்லாமல் விடக் கூடாது. பான்ஃபெரோனியை (0.05-ஐ ஜோடி எண்ணிக்கையால் வகுக்கும் திருத்தம்) விட ஹோம் முறை நல்லது. எந்த இடத்திலும் அதைவிட மோசமாகாது.

ஆள் குறைவாக இருந்தால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. வில்காக்ஸனில் துல்லியக் கணக்குப்படி 5 பேர் அத்தனை பேருக்கும் வலி குறைந்தாலும் இருபக்க பி-மதிப்பு 0.0625. அதற்குக் கீழே போகவே முடியாது. 6 பேர் என்றால் 0.031. மூன்று ஜோடிக்குத் திருத்தினால் தேவைப்படுவது 0.0167, ஆகவே 7 பேராவது வேண்டும். நான்கு வருகை என்றால் 8 பேர். மாற்றமே இல்லாதவர்களைக் கழித்தபின் மிஞ்சும் எண்ணிக்கை இது. வயல்வெளிச் சோதனையில் நான்கு ரெப்ளிகேஷன் வைத்து அதே பாத்தியைப் பறிப்புக்குப் பறிப்பு அளக்கும் வேளாண் மாணவர்களுக்கு இது இன்னும் மோசம்: 4 பாத்திக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பி-மதிப்பு 0.125. செடி என்னதான் பூத்துக் குலுங்கினாலும் அந்த டெஸ்ட்டில் முடிவு வராது. அவர்கள் லாக் எடுத்து அனோவா போடுவதே வழி.

எது எப்படியோ, ஃப்ரீட்மன் போட்டால் கெண்டாலின் டபிள்யூவை (எல்லா ஆட்களுக்கும் வரிசை எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதன் அளவு) சேர்த்து எழுதுங்கள். ஃப்ரீட்மன் தரும் கை-ஸ்கொயர் மதிப்பை, ஆள் எண்ணிக்கையையும் வருகையில் ஒன்று குறைத்ததையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் கிடைக்கும். 0 முதல் 1 வரை வரும். பி-மதிப்பை மட்டும் எழுதுவதற்கு இது எவ்வளவோ மேல்.

## இரண்டு குழு என்றால்

அதிகம் கெடுவது இங்கேதான். பயிற்சிக் குழுவில் தனியாக ஒரு ஃப்ரீட்மன், பயிற்சி இல்லாத குழுவில் தனியாக ஒரு ஃப்ரீட்மன். முதலில் 0.03, இரண்டாவதில் 0.08. "ஆகவே பயிற்சி பலனளிக்கிறது." இல்லை. 0.03-க்கும் 0.08-க்கும் நடுவில் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு குழுவிலும் வலி ஒரே அளவு குறைந்திருந்தாலும் இப்படி வரும். குழுக்களை ஒன்றோடொன்று நேராக ஒப்பிடாமல் இந்த வாக்கியத்தை எழுதக் கூடாது.

நேராக ஒப்பிட எளிய வழி, ஆளுக்கு ஒரு எண்ணாகச் சுருக்குவது. ஒவ்வொருவருக்கும் 8-ஆம் வார வலியிலிருந்து தொடக்க வலியைக் கழியுங்கள். அல்லது மூன்று வருகையையும் கோடாக வரைந்து அடியிலுள்ள பரப்பை எடுங்கள். இப்போது ஆளுக்கு ஒரே எண். தொடரளவு, அதாவது ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அளப்பது, என்ற சிக்கலே போய்விட்டது. இரண்டு குழுவையும் மான்-விட்னியில் போடலாம். மருத்துவத் தொடரளவுகளுக்கு இந்த வழியை 1990-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் விளக்கமாகப் பரிந்துரைத்தார்கள். எக்செல்லில் ஒரு நெடுவரிசை சேர்த்தால் முடிந்தது. இத்தனை எளிதான வழியை ஏன் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒரே நிபந்தனை: எந்த எண் என்பதை டேட்டாவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். நாலைந்து எண்ணைப் போட்டுப் பார்த்து நன்றாக வந்ததை எடுத்தால் அது ஆய்வு அல்ல.

ரேங்க் முறையிலேயே குழு, காலம் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் ஆர் மென்பொருளில் என்பார்-எல்டி என்ற தொகுப்பு இருக்கிறது. சீரமைத்த ரேங்க் மாற்றம் என்றும் ஒன்று உண்டு. ஆனால் 0-10 மதிப்பெண் மாதிரி ஒரே எண் திரும்பத் திரும்ப வரும் டேட்டாவில் அதன் மீது விமர்சனங்கள் இருக்கின்றன. நான் தவிர்ப்பேன்.

## கலப்பு மாதிரி

வருகை விடுபடுவதுதான் நம் ஊர் டேட்டாவின் நிஜமான பிரச்சினை. 40 பேரில் 6 பேர் 4-ஆம் வாரம் வரவில்லை, வேறு 5 பேர் 8-ஆம் வாரம் வரவில்லை என்று வையுங்கள். உங்கள் கையில் 109 அளவுகள் இருக்கின்றன. ஃப்ரீட்மனும் அனோவாவும் அந்த 11 பேரையும் மொத்தமாக வெளியே அனுப்பிவிட்டு 29 பேரின் 87 அளவுகளை மட்டும் பார்க்கும். வெயிலில் அலைந்து எடுத்த 22 அளவுகள் குப்பைக்கு. கலப்பு மாதிரி 109-ஐயும் பயன்படுத்தும்.

யார் வரவில்லை என்பது அதைவிட முக்கியம். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் ஃபாலோ-அப் வைத்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். அது திருவிழாவுக்காக, வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பெரிய கேடில்லை. ஆனால் பூ கொட்டும் பருவத்தில் முகூர்த்த நாள் பார்த்து வைத்தால் வராதவர்கள் அன்று அதிகம் பறிப்பவர்கள், அதாவது அதிகம் வலிப்பவர்கள். அவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் பயிற்சி நன்றாக வேலை செய்த மாதிரி தெரியும். பறித்த கிலோவையும் முந்தைய வலியையும் கலப்பு மாதிரியில் சேர்த்தால் இந்தச் சாய்வு ஓரளவு சரியாகும். முழுதாகச் சரியாகாது. பருவமே மாறிப்போவதை எந்த டெஸ்ட்டும் சரிசெய்யாது: பூ குறைந்த மார்கழியில் தொடங்கி மாசியில் முடித்தால் வேலை கூடியதால் வலியும் கூடும். அதற்கு மருந்து இரண்டாவது குழு மட்டுமே.

எண்ணின் வகைக்கேற்ப மாதிரியை மாற்றிக்கொள்ளலாம் என்பது இதன் இன்னொரு பலம். வலி மதிப்பெண்ணுக்கு வரிசை லாஜிஸ்டிக் கலப்பு மாதிரி; எடைக்கு லாக் அல்லது காமா; விடுப்பு நாட்களுக்கு நெகட்டிவ் பைனாமியல்; ஆம்-இல்லைக்கு லாஜிஸ்டிக். நார்மல் இல்லையே என்ற கவலைக்கு நேரான பதில் இதுதான். நார்மல் என்று பாவனை செய்யவும் வேண்டாம், ரேங்க்குக்குள் ஒளியவும் வேண்டாம்.

செலவும் சொல்லிவிடுகிறேன். ஆர் பழக்கமில்லை என்றால் சில வாரமாவது உட்கார வேண்டும். ஜமோவியில் ஒரு தொகுப்பைச் சேர்த்துக்கொண்டு மெளஸிலேயே போடலாம், இரண்டும் இலவசம். எஸ்பிஎஸ்எஸ்ஸிலும் உண்டு, ஆனால் மெனுக்கள் பொறுமையைச் சோதிக்கும். மூன்றே வருகையை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் தொடக்கமும் சரிவும் மாறட்டும் என்று கேட்டால் கணக்கு முடியாமல் எச்சரிக்கை வரலாம். ஆளுக்கு ஆள் தொடக்கம் மட்டும் மாறுவதாக வையுங்கள், போதும். 10, 12 பேரை வைத்து இதைப் போடுவதில் பெரிய பிரயோஜனமில்லை.

இதன் உறவினர் ஜிஇஇ (பொதுமைப்படுத்திய மதிப்பீட்டுச் சமன்பாடுகள்), 1986-இல் வந்தது. ஒட்டுமொத்தக் குழுவின் சராசரி மாற்றம் மட்டும் போதும் என்றால் நல்லது. 40 பேருக்குக் கீழே என்றால் அதன் பிழைக் கணக்கு குறைத்துக் காட்டும் என்பதால் தீசிஸ் அளவு டேட்டாவுக்கு நான் அவ்வளவாகச் சொல்வதில்லை.

## யாருக்கு எது

ஒரே குழு, மதிப்பெண் டேட்டா, எல்லாரும் எல்லா வருகைக்கும் வந்திருக்கிறார்கள், 15 முதல் 25 பேர்: ஃப்ரீட்மன், டபிள்யூ, ஹோம் திருத்தத்தோடு வில்காக்ஸன். தயங்க வேண்டாம். அதே சூழலில் ஆம்-இல்லை டேட்டா என்றால் காக்ரன் கியூ.

ஒரே குழு, எடை அல்லது ஆய்வகப் பரிசோதனை அளவு: லாக், அனோவா. இரண்டு குழு, நேரமும் இல்லை, மென்பொருளும் இல்லை: ஆளுக்கு ஒரு எண். இரண்டு குழு, வருகை விடுபட்டிருக்கிறது, 30 பேருக்கு மேல்: கலப்பு மாதிரி. எம்.டி., எம்.பி.டி. தீசிஸ்களில் பெரும்பாலானவை இந்தக் கடைசி வகையில்தான் வரும். அதனால்தான் "ஃப்ரீட்மன் போட்டுடலாமா" என்ற கேள்விக்கு நான் உடனே தலையாட்டுவதில்லை.

கைடு ஃப்ரீட்மன்தான் வேண்டும் என்று நிற்கிறாரா? சண்டை போடாதீர்கள். அவர் சொன்னதை முடிவுகள் பகுதியில் வைத்து, கலப்பு மாதிரியைப் பின்னிணைப்பில் ஒரு அட்டவணையாகச் சேருங்கள். இரண்டும் ஒரே பக்கம் காட்டினால் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், வைவாவில் அது உங்களுக்குப் பலம். வேறு வேறு பக்கம் காட்டினால் எது சரி என்று டெஸ்ட்டுகளைக் குடைவதற்கு முன், ஃப்ரீட்மன் நீக்கிய ஆட்களின் பெயர்களைப் பட்டியலில் தேடி எடுத்து, அவர்களின் தொடக்க வலி மற்றவர்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.